பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் புலெஸின் ஸ்ட்ரிங் குவார்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நாலு பேர் வாசிப்பது) யாராவது உண்மையிலேயே ரசிக்கிறார்களா, இல்லை ரசிப்பதாக நடிக்கிறார்களா?

நடித்திருக்கிறேன். அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது.

நீங்கள் யூடியூபில் பத்து நிமிடம் கேட்டிருப்பீர்கள். நாலு பேரும் சுருதி சேர்த்து முடித்து எப்போது வாசிக்கத் தொடங்குவார்கள் என்று காத்திருந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்களே என்று நானும் ஆட்டிவைத்தேன்.

பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறேன், பொழுதுபோக்காக வயோலா வாசிக்கிறேன். சங்கீத ஞானி இல்லை. ஆகவே "ஏழாவது வரியில் பிழை" என்று வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். சனிக்கிழமைகளில் நாலு பேர் கூடி, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடனின் குவார்டெட்டுகளை வாசிப்போம். செல்லோ வாசிப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், இரண்டாம் வயலின் ஒரு நர்ஸ். முதல் வயலின்காரர் ஒருநாள், "புலெஸ் பிறந்த மோன்பிரிசோன் இங்கிருந்து கூப்பிடு தூரம், நாம் வாசிக்காமல் யார் வாசிப்பது?" என்று கிளப்பிவிட்டார். நாலு பேரும் காசு போட்டு அதன் இசைக்குறிப்பு நோட்டு வாங்கினோம்.

புலெஸ் இந்த வகையில் எழுதியது ஒன்றே ஒன்று: 'லிவ்ர் பூர் குவாத்துவோர்', நால்வருக்கான புத்தகம். 1948-49ல் எழுதியபோது வயது இருபத்துமூன்று, இருபத்துநான்கு. நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை முன்னால் நின்று நடத்தும் கண்டக்டர் பதவியெல்லாம் வெகு பின்னால். அப்போது பாரிஸில் ஒரு நாடகக் குழுவுக்கு இசை பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஆறு பகுதிகள், எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1955ல் ஜெர்மனியின் டொனாவெஷிங்கனில் சில பகுதிகள் மட்டும்தான் அரங்கேறின. நான்காம் பகுதியை அவர் முடிக்கவே இல்லை. 2016ல் அவர் காலமான பிறகு பிலிப் மனூரி என்ற இசையமைப்பாளர்தான் அதை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

சரி, எங்கள் கதை. முதல் பக்கத்துக்கே ஐந்து சனிக்கிழமை போனது. ஒருவர் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) பக்கத்தில் வைத்து உரச வேண்டும், அது அடங்குவதற்குள் இன்னொருவர் தந்தியைச் சுண்ட வேண்டும், நடுவில் ஒரு மௌனம், அதையும் எண்ண வேண்டும். என் பங்கு ஓரிடத்தில் ஒரே ஒரு சுண்டல். அந்த ஒன்றைப் பதினைந்து தடவை தப்பாகச் சுண்டினேன். ஹைடனில் இடம் தவறினால் மெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். இங்கே பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

கடைசியில் நர்ஸின் பதினாலு வயது மகளை நடுவில் உட்கார வைத்து, பென்சிலால் தாளம் காட்டச் சொன்னோம். அவள் போனைப் பார்த்த நொடியில் நாலு பேரும் நாலு திசையில் சிதறினோம். எனக்குச் சிரிப்பு வந்தது. புலெஸே 1968ல் இதில் ஒரு பகுதியை எடுத்துத் தந்தி வாத்தியக் குழு முழுவதற்கும் மாற்றி எழுதினார், கண்டக்டர் நின்று நடத்துகிற மாதிரி. அவர் குச்சி இல்லாமல் வெறும் கையால் நடத்தியவர், எங்களுக்குப் பென்சில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு ஒரே ஒரு தடவை ஏழெட்டு தாளக் கட்டங்கள் சரியாக விழுந்தன. இரண்டாம் வயலின் விட்ட இடத்தில் என் சுண்டல் விழுந்தது, அதன் வாலைச் செல்லோ பிடித்தது. நாலு பேரும் ஆளுக்கொரு துண்டு வாசிக்கவில்லை, ஒரே அசைவை நாலு கையில் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் நிமிர்ந்து, "முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்கும்போது பிடிக்கிறது. முழுவதும் இல்லை, சில பகுதிகளில் இன்றைக்கும் கொட்டாவி வரும். நீங்கள் மெட்டைத் தேடாமல், ஒலி யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்று மட்டும் பாருங்கள். டியோட்டிமா என்ற குவார்டெட் குழுவின் பதிவைக் கேளுங்கள், கடைசிக் காலத்தில் புலெஸே அவர்களோடு உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், உங்கள் காதில் கோளாறு ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த நோட்டு. நாலு பேர் காசு போட்டு வாங்கியது என்று மேலே சொன்னேன். முதல் வயலின்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அதையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டார். மூன்று தடவை செய்தி அனுப்பினேன், படித்துவிட்டார் என்று டிக் விழுகிறது, பதில் இல்லை. அவர் மறுபடி வாசிக்கப்போவதும் இல்லை, அது எனக்குத் தெரியும். இரண்டாம் பக்கத்தில் வயோலாவுக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை பார்க்கவில்லை.