நினைவாற்றலை விற்கும் தலைப்பட்டைகள்

கேள்வி: எனக்கு வயது 68. தெரிந்தவர்களின் பெயர்களே மறந்துபோகின்றன. ஒரு தலைப்பட்டையை மாட்டினால் அது மெல்லிய மின்சாரம் பாய்ச்சி நினைவாற்றலை மீட்டுத் தருமாம், "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த "நிரூபிக்கப்பட்டது" என்பதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிரூபிக்கப்பட்டது எது, விற்கப்படுவது எது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் அளந்து குறித்த இடத்தில் வைத்து, 1 முதல் 2 மில்லியாம்பியர் வரை பெரும்பாலும் 20 நிமிடம் பாய்ச்சுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி தோலோடும் மண்டையோட்டோடும் போய்விடுகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 65 முதல் 88 வயது வரையிலானவர்களுக்கு மாறுதிசை மின்னோட்டத்தை நான்கு நாள்கள் கொடுத்தபோது, சொற்களை நினைவில் நிறுத்தும் திறன் கூடி ஒரு மாதம் வரை நீடித்தது உண்மைதான். ஆனால் அது வேறு கருவி, மேற்பார்வையில் நடந்தது. மற்ற ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இத்தகைய ஆய்வுகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் குழுவினருக்குச் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். முழு நேரம் மின்சாரம் பெறுபவர்களுக்குத் தோலில் தோன்றும் அதே குறுகுறுப்பு அவர்களுக்கும் இருக்கும். அந்தக் குறுகுறுப்பையே "வேலை செய்கிறது" என்பதற்குச் சாட்சியாக்கி விற்கிறார்கள். "நலவாழ்வுப் பொருள்" என்ற பெயரில் வருபவை மருத்துவக் கருவிக்குரிய சோதனைக்கே போவதில்லை. (கழுத்துவலிக்கென்று இதே பாணி விளம்பரத்தில் நான் வாங்கிய அதிர்வுப் பட்டை அலமாரியில் கிடக்கிறது.) முதலில் வைட்டமின் பி12, தைராய்டு, செவித்திறன், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் சரிபாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் உண்டு. எல்லோருக்கும் பாதுகாப்பானது என்கிறார் விற்பவர்.

பதில்: சொல்வார். மாட்டாதீர்கள்.

கேள்வி: 20 நிமிடம் போதாதென்று ஒரு மணி நேரம் வைத்தேன். நெற்றி புண்ணாகிவிட்டது. கருவியில் கோளாறா?

பதில்: கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? பஞ்சு காய்ந்தால் தோல் சுடும். நேரத்தைக் கூட்டினால் விளைவு தலைகீழாகவும் மாறலாம் என்பது ஆய்வில் கண்டதே. புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள், கருவியைப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: "30 நாளில் பணம் வாபஸ்" என்றதை நம்பி அம்மா வாங்கினார். இரண்டாம் வாரமே திருப்பினோம். பெட்டியைத் திறந்ததால் பணம் கிடையாது என்கிறார்கள். அம்மா தன்னையே நொந்துகொள்கிறார்.

பதில்: திறக்காமல் எப்படிச் சோதித்துப் பார்ப்பதாம்? அம்மாவின் மீது தவறே இல்லை. மறதிக்கு அஞ்சுகிறவர்களைக் குறிவைத்தே இந்த விளம்பர வரிகள் எழுதப்படுகின்றன. முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததான குற்றச்சாட்டைத் தீர்க்க, லுமோசிட்டி என்ற மூளைப்பயிற்சிச் செயலியின் நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. விளம்பரம் மாற்றப்படுவதற்குள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தை எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால், வங்கியில் அந்தக் கட்டணத்தை மறுத்து முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே இன்றே எழுதுங்கள்.