பாதியில் விலகினால் 9,000 திர்ஹாம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். படித்தவள். ஊர் கோவில்பட்டி. திருச்சி ஏஜென்ட் ஒருவர் மூலம் ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கேஜி ஆங்கில டீச்சராகச் சேர்ந்து நாலரை மாதம் ஆகிறது. ஏஜென்டுக்கு அப்பா ஒன்றேகால் லட்சம் கொடுத்தார். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் சம்பளம் 3,500 திர்ஹாம், வருவது 2,600. வேலை விசாவில்தான் வந்தேன். வந்த அன்றே பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் அட்டஸ்டேஷனுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அஜ்மானில் வேறு பள்ளி கூப்பிடுகிறது. விலகுகிறேன் என்றால் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஆன 9,000 திர்ஹாமைக் கட்டு, இல்லாவிட்டால் அப்ஸ்காண்டிங் (சொல்லாமல் ஓடிவிட்டார் என்ற புகார்) போடுவோம், ஆயுசுக்கும் இந்த நாட்டுக்குள் வர முடியாது என்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கட்ட வேண்டாம். ஆனால் கோபத்தில் நாளையிலிருந்து பள்ளிக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒரு இடத்தில்தான்.

அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் (எண் 33), ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. புரொபேஷன் காலத்தில், அதாவது வேலையில் சேர்ந்த புதிதில் உள்ள சோதனைக் காலத்தில், நீங்கள் அந்த நாட்டுக்குள்ளேயே வேறு வேலைக்கு மாறினால், பழைய பள்ளி அந்தச் செலவைக் கேட்கலாம். ஆனால் உங்களிடம் அல்ல, அஜ்மான் பள்ளியிடம். உங்கள் பங்கு ஒரு மாத எழுத்துமூல நோட்டீஸ் மட்டும்.

அதற்கு முன் ஒப்பந்தத்தில் புரொபேஷன் எத்தனை மாதம் என்று பாருங்கள். சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருக்கலாம். மூன்று மாதம் என்றிருந்தால் அது எப்போதோ முடிந்துவிட்டது, 9,000 பேச்சுக்கே இடமில்லை. ஆறு மாதம் என்றால் இன்னும் ஆறு வாரம். அஜ்மான் பள்ளி காத்திருக்குமானால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஆறு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். அப்புறம் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸைக் கொடுத்தால் போதும். அது 30 முதல் 90 நாள் வரை இருக்கும்.

அப்ஸ்காண்டிங் மிரட்டலுக்கு வருவோம். நிர்வாகத்துக்குத் தெரியாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராதவர்மேல்தான் அந்தப் புகார் கொடுக்க முடியும். தினமும் காலையில் பயோமெட்ரிக்கில் விரல் வைத்துவிட்டு எல்கேஜி பிள்ளைகளுக்கு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுப்பவர்மேல் போட்டால் நிற்காது. எதற்கும் வருகைப் பதிவையும் வகுப்பு குரூப்பில் நீங்கள் அனுப்பிய செய்திகளையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆயுசுக்கும் தடை என்பது சும்மா பயமுறுத்தல். புரொபேஷனில் நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பினால்கூட சட்டம் சொல்வது ஓராண்டுக்கு வேலை அனுமதி கிடையாது என்பதுதான். ஆனால் அந்த ஓராண்டும் உங்களுக்குப் பெரிய இழப்பு. அதனால்தான் முதலிலேயே எச்சரித்தேன்.

பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்திருப்பதே தவறு. அமீரகச் சட்டமும் அதைத் தடுக்கிறது. நம் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி அது இந்திய அரசின் சொத்து, உங்களுடையதுகூட இல்லை! விசா அடிக்க வேண்டும் என்று சாக்குச் சொன்னால், 2022-இலிருந்து ரெசிடென்ஸ் விசா ஸ்டிக்கரே கிடையாது, எமிரேட்ஸ் ஐடிதான் என்று நினைவுபடுத்துங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம். பாஸ்போர்ட், சான்றிதழ்கள் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, இந்தத் தேதிக்குள் திருப்பித் தாருங்கள் என்று மெயில் போடுங்கள். தராவிட்டால் மனிதவள அமைச்சகத்தின் 80084 எண்ணில் புகார் செய்யுங்கள். 50,000 திர்ஹாம் வரையான தகராறை அமைச்சகமே தீர்த்துவைக்கும். துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 80046342.

சம்பள விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. அமைச்சகத்தின் ஆப்பைத் திறந்து உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் 3,500 என்று இருந்தால் பாக்கியை முழுவதுமாகக் கேட்கலாம். 2,600 என்று இருந்து, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு பள்ளியிடம் வாங்குவது கஷ்டம்.

அதே கடிதம் ஊரில் நன்றாகவே உதவும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஏஜென்ட் நம் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மொத்தம் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சம்பளத்தில் பொய் சொல்லிப் பணம் பறித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவான 318-இன் கீழ் திருச்சி போலீஸிலும் கொடுக்கலாம். பணம் அனுப்பிய விவரத்தை வங்கியில் எடுங்கள். ஏஜென்டோடு பேசிய சாட்டை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

அப்புறம் அஜ்மான் பள்ளி. ஆறு மாதம் முடியும் முன்பே போவதாக இருந்தால், பழைய பள்ளி கேட்கும் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்களிடம் மெயில் வாங்கிக்கொண்ட பிறகே ராஜினாமா கடிதத்தைக் கொடுங்கள்.