மொரீசியஸ் சரி, அதில் எந்த ஊர்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஜனவரியில் அலுவலகங்கள் நிறைந்த எபேனில் வேலைக்குச் சேர வேண்டும், மனைவியும் நான்கு வயதுப் பிள்ளையும் கூட வருகிறார்கள், பிள்ளைக்கு அவ்வப்போது மூச்சிளைப்பு வரும். மொரீசியஸ் என்றால் சென்னை மாதிரி வருஷம் பூரா வெயில்தானே, ஏசி இல்லாமல் தாங்குமா, ஸ்வெட்டர் மூட்டையில் இடம் பிடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், தரகர் ஒருவர் க்யூர்பிப்பில் குறைந்த வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லலாம். அந்த வீட்டுக்கு மட்டும் இப்போதைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

இது சின்னத் தீவு. நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், அகலம் 45. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற நேரத்தில் இங்கே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். இத்தனூண்டு இடத்தில் தட்பவெப்பத்தில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தீவின் நடுவில் ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வருஷம் முழுக்கக் கடற்காற்று வீசுகிறது. ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மேட்டில் ஏறும்போது குளிர்ந்து, இருப்பதையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மேற்குக் கரைக்கு இறங்கும்போது அதனிடம் தண்ணீர் மிச்சமில்லை. மேட்டில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை, மேற்குக் கரையில் 900 அளவில்தான். சென்னைக்கே 1,400 தான். செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூர் நனைய, இந்தப் பக்கம் பாளையங்கோட்டை காய்கிறதே, அதே கதை. இங்கே மலை சின்னது, தூரம் இன்னும் குறைவு.

போர்ட் லூயிசில் மெட்ரோ ஏறிப் பாருங்கள், புரிந்துவிடும். ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். தலைநகரைச் சுற்றி மலை நிற்பதால் காற்றே உள்ளே வராது. ரோஸ் ஹில் வரும்போது கொஞ்சம் மூச்சு விடலாம். காத்ர் போர்ன் தாண்டி வாக்வா பக்கம் வானம் மூடிக்கொள்ளும். கடைசி நிலையமான க்யூர்பிப்பில் இறங்கினால் தூறல், கையில் ஸ்வெட்டரோடு நிற்கிற மனிதர்கள். 550 மீட்டர் உயரம், நாலைந்து டிகிரி குறைவு. 1867-இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது போர்ட் லூயிசிலிருந்து வசதியுள்ளவர்கள் இந்தக் குளிரைத் தேடித்தான் மேலே ஏறினார்கள். அந்த ஊர்க்காரர்களே அதைக் கேலி செய்வார்கள்: க்யூர்பிப்பில் இரண்டே பருவம், ஒன்று மழைக்காலம், இன்னொன்று மழை பெய்யும் காலம்.

நான் அந்தக் கேலியைக் காசு கொடுத்துக் கற்றேன். வந்து இறங்கியது டிசம்பர் மாதம். கீழே வெந்துகொண்டிருந்தது, மேலே கொடைக்கானல் மாதிரி இருந்தது. வீட்டைப் பார்த்த அன்றே கையெழுத்துப் போட்டேன். ஜூனில் ஆரம்பித்தது வினை. துவைத்த துணி நாலு நாள் காயாது. அலமாரியில் தொங்கிய கல்யாணக் கோட்டின் மேல் பச்சையாகப் பூசணம். தோல் செருப்பு, பெல்ட், ஊரிலிருந்து கொண்டுவந்த புளி, எதையும் விடவில்லை. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான். சுவரில் கறுப்புப் புள்ளியாகப் படர, என் மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை. வீட்டைக் காட்டியவர் அறைக்குப் புது வெள்ளையடித்திருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எட்டு மாதத்தில் முன்பணத்தை விட்டுவிட்டுக் காத்ர் போர்னுக்கு இறங்கினோம். உங்கள் பிள்ளையின் இளைப்பை வைத்துச் சொல்கிறேன்: ஈரமும் பூசணமும் உள்ள வீடு ஆகாது. உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எபேனில் வேலை என்றால் ரோஸ் ஹில், போ பாசின், காத்ர் போர்ன் இந்த மூன்றுக்குள் பாருங்கள். நடுத்தர உயரம், நடுத்தர மழை. மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வெயிலும் கடலுமாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோடையில் ஏசி இல்லாமல் இரவு தூக்கம் வராது, காலைப் போக்குவரத்து நெரிசல் வேறு.

அப்புறம், மாதங்களை மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, அதுவே மழையும் புயலும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர். ஜனவரி, பிப்ரவரியில் பகல் சராசரியாக 29 டிகிரி, ஜூலை, ஆகஸ்டில் இரவு 16. எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும், இது ஒரு குளிரா என்று. காற்றும் தூறலும் சேர்ந்து அடிக்கும்போது அந்த 16 எலும்புக்குள் போகும். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சுமொழியான க்ரியோலில் "ஃபேர் ஃப்ரே", அதாவது குளிருது, என்று தோளைக் குறுக்கிக்கொள்வதைப் பார்த்து முதல் வருஷம் சிரித்தேன், இரண்டாம் வருஷம் நானும் குறுக்கிக்கொண்டேன். நம் ஊரில் இதமான பனியில் வருகிற தைப்பூசம் இங்கே உச்சிக் கோடையில் வருகிறது. அரசு விடுமுறை. கோர் த கார்து மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்தால் நமக்கே பாதம் சுடும்.

சூரியனும் இடம் மாறிவிடும். குளிர்காலத்தில் அது வடக்கே சாய்ந்து போகும், ஆகவே வடக்குப் பார்த்த ஜன்னலுக்குத்தான் வெயில். தெற்குச் சுவர் ஈரமாகவே கிடக்கும். நம் வாஸ்துக்காரர்கள் அக்னி மூலை என்று சொல்லி அடுப்பை வைக்கிற தென்கிழக்கு மூலையில்தான் இங்கே மழைச் சாரல் வந்து மோதும். அம்மா வந்திருந்தபோது இதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போரே நடந்தது.

அந்தக் காற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஜூன், ஜூலையில் இங்கே கரும்புத் தோட்டத்தைப் படுக்க வைக்கிற தென்கிழக்குக் காற்று, தெற்கு இந்தியப் பெருங்கடலில் இருந்து கிளம்பி, பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திசை திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக நம் மலையில் ஏறுகிறது. குற்றாலச் சாரலின் வேர் இந்தப் பக்கம் இருக்கிறது. வீட்டு ஞாபகம் வருகிற நாளில் அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் போய் நிற்பேன்.

சரி, புயல். நீங்கள் வருவதே புயல் காலத்தின் நடுவில். பயப்பட வேண்டாம், விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எச்சரிக்கை நான்கு படி. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வரக்கூடும் என்றால், 36 முதல் 48 மணி நேரம் முன்னால் முதல் படி. அந்தக் காற்று வருவதற்கு முன் பகல் வெளிச்சம் 12 மணி நேரம் மிச்சம் இருக்கும்படி இரண்டாவது, 6 மணி நேரம் இருக்கும்படி மூன்றாவது. அந்தக் காற்று உண்மையிலேயே பதிவாகிவிட்டால் நான்காவது. "க்ளாஸ் த்ருவா" என்ற சொல் காதில் விழுந்தால், அதாவது மூன்றாவது படி, பஸ் நிற்கும், கடை மூடும், நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் படியிலேயே மெழுகுவர்த்தி, பேட்டரி, டின் மீன், பிஸ்கட், குடிதண்ணீர் வாங்கிவிடுங்கள். இரண்டாவது படியில் ரொட்டிக் கடையில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை தேவலாம் என்று தோன்றும். நடுவில் காற்று திடீரென்று அடங்கி வானம் வெளுத்தால் ஜன்னலைத் திறக்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

வீடுகள் தாங்கும். 1960-இல் கரோல் புயல் மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து, தகரமும் மரமுமாக இருந்த வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஊரே கான்கிரீட்டுக்கு மாறியது. 1975-இல் ஜெர்வேஸ் புயலின் வேகம் 280. அந்தக் காற்றைப் பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் புயல் செய்தி வந்தால் முதல் வேலையாக வாசல் பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்கிறார்கள்.

எனக்குப் பயம் காற்றை விடத் தண்ணீர்தான். 2013 மார்ச் 30, போர்ட் லூயிசில் சில மணி நேர மழையில் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். 2024-இல் பெலால் புயல் வந்தது பொங்கல் அன்று. எங்கள் வீட்டில் பானை வைக்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே தலைநகரத் தெருக்களில் கார்கள் மிதந்து போகிற காட்சி கைபேசிக்கு வந்துவிட்டது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மேலாளர் என்ன சொன்னாலும் பள்ளமான சாலையில் வண்டியை இறக்காதீர்கள். வீடும் ஓடைக்கரையில் வேண்டாம்.

இவ்வளவு மழையைச் சொல்லிவிட்டு அடுத்து தண்ணீர்ப் பஞ்சம் என்றால் நம்ப மாட்டீர்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நீர்த்தேக்கங்கள் இறங்கும். தீவிலேயே பெரியதான மார்-ஓ-வாக்வாவின் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்தால், சில பகுதிகளில் குழாயில் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும். அப்போது எல்லோரும் ஒரு புயலுக்காகக் காத்திருப்பார்கள், பக்கத்தில் வராமல் தூரமாய்ப் போய் மழையை மட்டும் தந்துவிட்டுப் போகிற புயலுக்காக. வாடகை பேசும்போது மொட்டைமாடியில் தொட்டியும் பம்பும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்டதற்கு வருகிறேன். காத்ர் போர்ன் உயரத்தில் ஃபேன் போதும், படுக்கையறைக்கு ஒரு ஏசி இருந்தால் பிப்ரவரியைக் கடக்கலாம். ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று, பிள்ளைக்கு இரண்டு. கம்பளி வேண்டாம், காயாது. நல்ல குடை கொண்டு வராதீர்கள், இந்தக் காற்றில் ஒரு மாதம் தாங்காது. தொப்பி போட்ட மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். கொசுவத்தி இங்கேயே கிடைக்கும், பிள்ளைக்கு வலை மட்டும் கொண்டு வாருங்கள். சிக்குன்குனியா 2006-இல் இந்தத் தீவைப் படுத்தி எடுத்திருக்கிறது.

அந்தக் க்யூர்பிப் வீட்டைக் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மழை பெய்த மறுநாள் நாம் சேர்ந்து போவோம். தரகர் கூடத்தைக் காட்டும்போது நான் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறேன். நீங்கள் தெற்குப் பக்க அறைக்குப் போய்ச் சுவர் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள்.