பேர் தெரியாத ராகம்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தோழி வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்கள் பத்துப் பேர் கூடினோம். மறக்க முடியாத கச்சேரி எது, இப்போது என்ன படிக்கிறோம் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் முறை வந்தபோது, பன்னிரண்டு வயதில் அப்பா என்னைத் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப்போனதைச் சொன்னேன். கோயில் திருவிழாவில் இரவுக் கச்சேரி. பாதியில் அப்பா மடியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது, அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நினைவு. "என்ன ராகம்?" என்றார் ஒருவர். தெரியவில்லை. "பாடினது யாரு?" அதுவும் தெரியவில்லை. யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். படிக்கிற புத்தகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படிப்பது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) அவர் சங்கீதத்தை விடுகிற இடத்தோடு நின்றுவிட்டேன். மேலே போக மனம் வரவில்லை. ராகம் தெரியாதவள் கச்சேரி கேட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரி,

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் புத்தகத்துக்கு வருகிறேன். நீங்கள் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். சாமிநாதையரின் அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதத்தில் பிழைத்தவர், கனம் கிருஷ்ணையர் என்ற வித்துவானிடம் கற்றவர். மகன் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயூரம் போகிறார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார். அவரிடம் பாட்டும் கற்றுக்கொள்ளட்டும் என்பது அப்பாவின் ஆசை. கொஞ்ச நாள் பாடமும் நடக்கிறது. விஷயம் பிள்ளையவர்களின் காதுக்குப் போகிறது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஆழமாகப் போகாது என்கிறார் அவர். பையன் பாட்டை விட்டுவிடுகிறான். முதல் தடவை படித்தபோது எனக்குப் பிள்ளையவர்கள் மேல் கோபமே வந்தது.

ஆனால் அதே பிள்ளையவர்களைப் பற்றி இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். பாரதியார் தம் நந்தனார் கீர்த்தனைக்குச் சாற்றுக்கவி, அதாவது நூலைப் பாராட்டி ஒரு பாட்டு, கேட்டுப் போகிறார். பாட்டில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் பாரதியார் அவருக்காகத் திண்ணையில் காத்திருக்கும்போது தம் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தாராம். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சாற்றுக்கவியும் கிடைத்தது. பிழையெல்லாம் பிழையாகவே இருந்தது. உங்கள் அப்பா துண்டை எடுத்ததைப் படித்ததும் எனக்கு இந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டிலேயே இலக்கணம் அதிகம் அறிந்த மனிதர் கரைந்ததும் இலக்கணத்தால் அல்லவே.

பாரதியாரின் பாட்டுகளில் நம் ஊரோடு ஒட்டிக்கொண்டது 'எப்போ வருவாரோ'. ஜோன்புரி ராகம். 1912இல் இங்கே பிறந்த மதுரை மணி ஐயர் பாடிப் பாடி அதைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டார். எனக்கு அது சித்தப்பா வழியாக வந்தது. சித்தப்பா புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தார். காலடியில் வெட்டுத் துணி, பின்னால் கல்தூண், தலைக்கு மேலே திருச்சி வானொலி. ஒரு ராகத்தின் பேரும் அவருக்குத் தெரியாது. யாராவது சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் மறந்துவிடுவார்.

ஒரு நவராத்திரி இரவு மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் நாகசுரம் கேட்கக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது பத்து வயது. கல் தரை இன்னும் பகல் வெயிலின் சூட்டோடு இருந்தது. நாகசுரக்காரர் ஆலாபனையைத் தொடங்கி, இன்னும் ஒரு பிடி கூட முழுதாக வரவில்லை. சித்தப்பா என் தொடையில் தட்டி, "டேய், வாடை வந்திருச்சு. அந்தப் பாட்டுத்தான் வரப்போகுது" என்றார். அப்புறம் கால் மணி நேரத்துக்கு மேல் ஆலாபனை போனது. அவர் அசையவே இல்லை. கடைசியில் 'எப்போ வருவாரோ' வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

வெளியே வந்து கீழச்சித்திரை வீதி முனையில் பருத்திப்பால் குடித்தோம். தையல்கடைக் கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தவில்காரர் எந்த இடத்தில் அடிக்காமல் விட்டார், அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று ஒரே பேச்சு. ஒருவர் வாயால் வாசித்தே காட்டினார். சுக்குக் காரம் தொண்டையில் இறங்க இறங்க, தூக்கக் கலக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய கச்சேரியில் பாதியை நான் அங்கேதான் கேட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன். உங்கள் தோழி வீட்டுக் கூட்டம் மாதிரி இன்னும் நாலு வீட்டில் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதும் அதனால்தான்.

நான் இப்போது படிப்பது சிலப்பதிகாரம், மதுரைக் காண்டம். சங்கீதத்தை விட்ட அந்தப் பையன் வளர்ந்து 1892இல் பதிப்பித்த நூல். அதன் புகார்க் காண்டத்து அரங்கேற்று காதையிலும், அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய பழைய உரையிலும் யாழும் குழலும் பண்ணும் நிறைய வரும். சுவடியில் அந்த வரிகளைப் பார்த்தபோது மாயூரத்துப் பாடம் அவருக்கு உதவாமலா போயிருக்கும்? உதவியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

போன வாரம் புறஞ்சேரி இறுத்த காதையில் இருந்தேன். கோவலன் எல்லாவற்றையும் இழந்து மதுரைக்கு நடந்து வருகிறான். வழியில் பாணர்களைப் பார்க்கிறான். முன்பின் தெரியாதவர்கள். அவர்களோடு உட்கார்ந்து, யாழை வாங்கிச் சுருதி கூட்டி, சேர்ந்து பாடுகிறான். அப்புறம்தான் மதுரை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறான். அவர்கள் காதக் கணக்குச் சொல்வதில்லை. சந்தனமும் புகையும் பூவும் கலந்த மதுரைத் தென்றல் இங்கேயே வந்துவிட்டது பாருங்கள், ஊர் பக்கம்தான் என்கிறார்கள். படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிலப்பதிகாரம் படித்ததில்லை.

ராகம் கற்றுக்கொள்வது நல்லதுதான். நான் முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கற்றேன், கேட்பதில் அது எனக்கு நிறையவே கொடுத்தது. ஆசை இருந்தால் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் திருப்பரங்குன்றத்து ராத்திரிக்குப் பேர் வைப்பதற்காகக் கற்க வேண்டாம். அடுத்த முறை கூடும்போது அதையே மறுபடி சொல்லுங்கள். தூங்கி விழித்ததையும் சொல்லுங்கள், துண்டு என்ன நிறம் என்பது நினைவிருந்தால் அதையும்.

புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்திக்கும் இடம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். ஐயர் வரிசையாகச் சொல்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமான பட்டியல். இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார் முதலியார். ஐயர் அதைப் படித்ததில்லை. புத்தகமும் கிடைக்கவில்லை என்று சொல்கிறார். அன்று 1880ஆம் வருஷம். ஏழு வருஷம் கழித்து 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.