மூடியோடு கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மாமியார் காலமானார். அவருடைய சமையலறையில் இரண்டு குக்கர், ஒரு மிக்ஸி, கேஸ் அடுப்பு, பித்தளை அண்டா, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் என்று நிறைய இருக்கின்றன. ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்ட சில குடும்பங்களுக்கு இவற்றைக் கொடுக்க நினைக்கிறேன். புழங்கியதைக் கொடுப்பது அவமதிப்பு, எடைக்குப் போட்டுப் பணமாகக் கொடு என்கிறார் என் நாத்தனார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

பாத்திரங்களாகவே கொடுங்கள். நல்ல குக்கரை எடைக்குப் போட்டால் அலுமினியத்தின் விலைதான் கிடைக்கும். அந்தப் பணத்தில் யாரும் இன்னொரு குக்கர் வாங்கிவிட முடியாது. ஆனாலும் உங்கள் நாத்தனாரின் தயக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வடிந்த பிறகு, சைதாப்பேட்டையில் கரையோர வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக வந்தன. ஆனால் பானையும் கரண்டியும் ஆற்றோடு போயிருந்த வீடுகளில் அவற்றைச் சமைக்க வழியில்லை. நாங்கள் சிலர் தெரிந்த வீடுகளில் பாத்திரங்களைச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனபோது, என் கையால் குக்கர் வாங்கிய ஓர் அம்மா அதன் அடிப்பாகத்தைத் தாம்பாளத்தால் மூடிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த மூடி வேறொரு குக்கருடையது. அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். "இதோட அடிப்பாகம் வேற யார்கிட்டயாவது போயிருக்கும், தேடி வந்தா குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றார். ஒரு நிமிடம் செலவழித்து மூடிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அவமதிப்பு என்று உங்கள் நாத்தனார் அஞ்சுவதை அன்று நான் செய்துவிட்டேன்.

ஆகவே, கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் உங்கள் அடுப்பிலேயே ஒருமுறை புழங்கிப் பாருங்கள். குக்கரில் தண்ணீர் ஊற்றி விசில் வரும்வரை வையுங்கள். ஓரத்தில் ஆவி கசிந்தால் மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கெட் இறுகிப் போயிருக்கிறது என்று பொருள்; அதை மாற்றிவிடுங்கள். மூடியிலுள்ள சேஃப்டி வால்வையும் அதே நிறுவனத்துடையதாகப் பார்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றிச் சூடு மிகும்போது அதிலுள்ள உலோகம் உருகி ஆவியை வெளியே விடுவதால்தான் குக்கர் வெடிக்காமல் இருக்கிறது. எனவே செலவைப் பார்த்து அதை விட்டுவிடக் கூடாது. அடுப்பைக் கொடுக்கலாம், ஆனால் பழைய ரப்பர் குழாயைக் கொடுக்காதீர்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதுக்குழாய் வாங்கிச் சேருங்கள். மிக்ஸியின் ஜார்கள் அந்த மிக்ஸிக்கே உரியவையா என்று பொருத்தி ஓட்டிப் பாருங்கள். பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவாவை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியம், அவர்களிடம் கேட்பது. ஆற்றங்கரையில் விறகடுப்பு மூட்டியவர்களுக்கு அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லை. கேஸ் அடுப்பு ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று சுமைதான், தோசைக்கல்தான் தேவைப்படலாம். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு அலுமினியப் பாத்திரம் உதவாது; அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக எடுத்து வையுங்கள். "உங்களிடம் எது இல்லை?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட பிறகு மூட்டை கட்டினால், ஒரே வீட்டுக்கு ஐந்து சட்டி போய்ச் சேருகிற நிலை வராது.

பித்தளை அண்டாவை ஈயம் (வெள்ளீயம்) பூசாமல் கொடுக்காதீர்கள். புளியும் மோரும் பட்டால் களிம்பேறி உடம்புக்குக் கெடுதல் செய்யும். ஈயம் பூச ஆள் கிடைக்காவிட்டால் அதை மட்டும் எடைக்குப் போட்டு, வருகிற பணத்தைக் கேஸ்கெட்டுக்கும் குழாய்க்கும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாத்தனார் சொன்ன வழி அங்கே பொருந்தும்.

பெயர் வெட்டிய பாத்திரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். பெயரைச் சுரண்டாதீர்கள், பாத்திரம் வீணாகும். மாமியாருடைய பெயர் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குச் சம்மதமென்றால் கொடுங்கள். உங்களுக்கென்று ஒரு டம்ளரையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.