டிவியில் காட்டும் மேகப் படத்தை எடுப்பது எந்தச் செயற்கைக்கோள்?

இன்சாட் வரிசைதான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றிவருவதால் அது நம் தலைக்கு மேல் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும்; வங்கக் கடலை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தொடக்கம் சறுக்கல்தான். 1982-இல் ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. அடுத்த ஆண்டு சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி கைகொடுத்தது. அப்போதெல்லாம் தொலைபேசி, டிவி, வானிலை எல்லாவற்றுக்கும் ஒரே கோள். வானிலைக்கென்றே தனியாக வந்தது 2002-இல் ஏவப்பட்ட கல்பனா-1.

சரி, இரவில் எப்படிப் படம் எடுக்கிறது? வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கதிரில். படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் மேகத்தின் உச்சி கடுங்குளிராக, அதாவது மிக உயரத்தில் இருக்கிறது. இடிமழைக்கு அது நல்ல அறிகுறி. 2013-இல் போன இன்சாட்-3டி-யில் இன்னொரு கருவியும் உண்டு: காற்றின் வெப்பமும் ஈரமும் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகின்றன என்று 19 அலைவரிசைகளில் கணிக்கும். என்னைக் கேட்டால் மேகப் படத்தைவிட இதுதான் பெரிய விஷயம். வானிலையை முன்கூட்டியே கணிக்கும் கணினி மாதிரிகளுக்குத் தீனி இதுதான். அப்புறம், ஆபத்தில் சிக்கிய படகுகளின் அபாய சமிக்ஞையைக் கரைக்கு அனுப்புவதும் இந்தக் கோளின் வேலை. 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஎஸ் இந்த வரிசையில் பின்னர் வந்தது.