பிரிக்காத பூட்டு

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைப் பார்த்துத்தான் விற்கிறார்கள், வயது வரம்பும் இருக்கிறது என்கிறார்கள். பிறகு எப்படி பள்ளிக்கூடப் பையன் கையில் துப்பாக்கி? சோதனையைக் கடுமையாக்கினால் போதாதா?

ரா.செ., திருச்சி

அன்புள்ள ரா.செ.,

போதாது. பையன் கடைக்கே போவதில்லை, வீட்டு அலமாரியைத்தான் திறக்கிறான். பள்ளித் தாக்குதல்கள் பற்றி, அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு தரும் அரசு அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள். வாங்கிய பெரியவர் பெயரில் வழக்கு எதுவும் இருக்காது. எவ்வளவு கடுமையான சோதனை வைத்தாலும் அவர் தேறிவிடுவார்.

மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி, 2021 நவம்பர் 30. இறந்தவர்கள் 4 மாணவர்கள், சுட்டவனுக்கு வயது 15. அந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியை அப்பா வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு கம்பிப் பூட்டு உறை பிரிக்காமலே கிடந்தது. மற்ற துப்பாக்கிகள் இருந்த பெட்டியைத் திறக்கும் எண், கம்பெனி வைத்து அனுப்பிய அதே 0-0-0.

கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் கூடவே பூட்டும் தர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பூட்டியே ஆக வேண்டும் என்று வாங்கியவரிடம் அது சொல்லவில்லை!

பூட்டுவது ஒரு நிமிட வேலை. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பக்கம் நகரும் பாகம்) பின்னுக்கு இழுத்து, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். காலித் தோட்டா தெறிக்கும் திறப்பு வழியே கம்பியை விட்டு, கைப்பிடியின் அடியில் எடுத்துப் பூட்டினால் ஸ்லைடு மூடாது, மேகசினும் ஏறாது. மேகசினைக் கழற்றியதுமே காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். சேம்பரில் ஒரு தோட்டா நிற்கலாம். விசைமேல் மாட்டும் பூட்டைத் தோட்டா உள்ள துப்பாக்கியில் போடவே கூடாது, மாட்டும்போதே வெடிக்கலாம். கம்பியைக் கட்டர் இருந்தால் வெட்டிவிடலாம் என்பதால், வளர்ந்த பையன் இருக்கும் வீட்டுக்கு எண் மாற்றிய இரும்புப் பெட்டிதான் சரி. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில். (சாவியை பீரோ மேல் வைக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு.)

மிச்சிகன் 2024 பிப்ரவரி 13 முதல் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. சிறுவர் புழங்கும் இடத்தில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது தோட்டா நீக்கிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பூட்டாத துப்பாக்கியைச் சிறுவர் எடுத்து ஓர் உயிர் போனால் உரிமையாளருக்கு 15 ஆண்டு வரை சிறை. ஆனால் போலீஸ் வீடுவீடாகப் போய்ப் பார்க்காது. அதுதான் இந்தச் சட்டத்தின் ஓட்டை.

நீங்கள் சொல்லும் சோதனை உதவுவது வேறு இடத்தில். 2022இல் டெக்சஸ் மாநிலம் யுவால்டியில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவன் 18 வயது நிரம்பியதும் தானே போய்ச் சட்டப்படி வாங்கினான். அதற்கு அடுத்த மாதமே வந்த சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவர் வாங்க வந்தால் சிறார் பதிவுகளையும் விசாரிக்கிறார்கள். சந்தேகம் எழுந்தால் 10 வேலை நாள் வரை விற்பனை நிற்கும்.